இடம் மாறிய துண்டு

ஸ்ரீரங்கத்தில் வண்டியை எடுக்கும்போதே உட்கார இடமில்லை, மாம்பழச் சாலையில் இன்னொரு கும்பல் ஏறியது, உள்ள போங்கம்மா, நடுவுல எடம் இருக்கு பாருங்க, படியில நிக்காதீங்க என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. வாய்க்கு நான் தேவையில்லை. கண்டக்டர் வேலையில் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு வார்த்தையையும் நானே தள்ளிவிட வேண்டியிருந்தது, இப்போது அது தானாகச் சொல்லிக்கொள்கிறது, கை தானாகச் சீட்டைக் கிழிக்கிறது, உடம்பு தானாகக் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் சாய்ந்து நகர்கிறது, நான் எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வரலாம். காலையில் போன இடத்திலிருந்து நான் இன்னும் திரும்பி வரவில்லை. அந்த டாக்டரம்மாவின் அறையில் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அதில் ஓர் இறக்கை வளைந்து எதிலோ டிக் டிக் என்று தட்டியது, நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "கோவர்த்தனன், நான் சொல்றது புரியுதா?" என்றார். புரியுது மேடம் என்றேன். "உங்க உடம்புக்கு ஆபத்து ஒண்ணும் இல்ல. ஆனா ரத்தத்துல பார்த்ததுல ஒய் குரோமோசோம் இல்ல. ரெண்டு எக்ஸ் இருக்கு." ரெண்டு எக்ஸ். பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் பார்த்தது, அப்பாவிடம் எக்ஸ் ஒய், அம்மாவிடம் எக்ஸ் எக்ஸ், குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுக் கீழே நாலு பிள்ளைகள், இரண்டு ஆண், இரண்டு பெண், பரீட்சையில் கட்டாயம் வரும் என்றார்கள், வந்தது, முழு மார்க் வாங்கினேன். "மேடம், ரெண்டு எக்ஸ்னா அது பொம்பளைங்களுக்கு இல்ல?" என்று கேட்டேன். கேட்ட குரல் என் குரல் மாதிரியே இல்லை. "பொதுவா அப்படித்தான்" என்றார். பொதுவா. சீட்டு வாங்காதவங்க யாராவது இருக்கீங்களா, கையை நீட்டுங்க, வாங்கிக்குங்க.

முன்பக்கம் முழுக்கப் பெண்கள். மகளிருக்குக் கட்டணமில்லாத வண்டி, ஆனாலும் சீட்டுக் கொடுத்தாக வேண்டும். நான் முகத்தைப் பார்ப்பதுகூட இல்லை, புடவை, சுடிதார், வளையல் போட்ட கை, கிழி, கொடு. ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்த்த மாத்திரத்தில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரித்துவிடுகிறேன், ஒருத்தருடைய ரத்தத்தையும் கேட்டதில்லை. எனக்கும் ஒன்று கிழித்துக்கொள்ளலாமா? சிரிப்பு வந்தது, ஒரு பள்ளிக்கூடப் பெண் நிமிர்ந்து பார்த்தது, இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டேன். யாருக்காவது தெரிகிறதா? காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து டெப்போவுக்கு நடந்து வரும்போது எதிரே வந்த ஒவ்வொரு முகத்தையும் அப்படித்தான் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லை. டிரைவர் சவரிமுத்து அண்ணன் மட்டும், "ஏன்டா தம்பி ஒரு மாதிரி இருக்க, காய்ச்சலா?" என்று கேட்டார். தலைவலிண்ணே என்றேன். இஞ்சி போட்டு ஒரு டீ குடி என்றார். வேறு என்ன சொல்ல முடியும் அவரால்? நான் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? வண்டியை எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பிரபா போன் பண்ணினாள். ஜெயப்பிரபா, என் மனைவி. "நான் கெளம்பறேங்க. கொஞ்ச நாள் விராலிமலையில எங்கம்மா வீட்ல இருக்கேன். பாலக்கரையில உங்க வண்டியிலதான் ஏறுவேன், சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டுருங்க." ஏன் திடீர்னு என்று கேட்டேன். "திடீர்னு என்ன? அத்தை நேத்து முசிறிக்குப் போய் உங்களுக்கு ரெண்டாந்தாரமாப் பாத்த அந்தப் பொண்ணுக்குப் பூ வெச்சிட்டே வந்துட்டாங்க. என்கிட்ட விலகிக்கறேன்னு எழுதி வாங்கிட்டு முறையா செய்யப் போறாங்களாம். இதுக்கப்புறம் அந்த அடுப்புல நின்னு நான் யாருக்குப் பொங்கறது?" அவள் குரலில் அழுகை இல்லை. ரிசல்ட் என்ன ஆச்சு என்று அவள் கேட்கவும் இல்லை. கூட வா என்று நான் கூப்பிட்டபோதே சொல்லிவிட்டாள், உங்க ரத்தத்தை எடுத்துப் பாத்தாலும் கொறை என்கிட்டதான்னுதான் எழுதி வரும், நீங்களே போயிட்டு வாங்க.

காவிரிப் பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஏதோ லாரி மக்கர் பண்ணிவிட்டதாம். கீழே மணல், மணலுக்கு நடுவில் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர், அதில் யாரோ மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா இரண்டு சுட்டுவிரலையும் நுனியோடு நுனி ஒட்டிக் காட்டினார். "உங்கப்பா உடம்புல விந்தணு உருவாகறப்ப எக்ஸும் ஒய்யும் இப்படி நுனியில ஒட்டி நிக்கும். நுனியில கொஞ்சம் அங்கயும் இங்கயும் மாத்திக்கும். அது எல்லா ஆம்பளைக்கும் நடக்கறது. எப்பவாவது கோடு தாண்டி வெட்டிரும். ஆணா வளரச் சொல்ற ஜீன் அந்த நுனிக்குக் கிட்டத்தான் இருக்கு, அது தவறி எக்ஸுக்குப் போயிரும். அந்த எக்ஸ்தான் உங்களுக்கு வந்திருக்கு." விரல்களைப் பிரித்துக்கொண்டார். அவ்வளவுதான், ஒரு நுனி, ஒரு தவறு. அப்புறம் கருவைப் பற்றிச் சொன்னார். ஆறு வாரம் வரைக்கும் ஆண் கரு பெண் கரு என்று பார்த்துச் சொல்லவே முடியாதாம். கர்ப்பப்பையாக ஆகப்போகிற குழாயும் இருக்குமாம், விந்து போகிற குழாயாக ஆகப்போவதும் இருக்குமாம், இரண்டும் அக்கம்பக்கத்தில். சிறுநீரகத்தை ஒட்டி ஒரு சின்ன மேடு, அது விரையாகவும் ஆகலாம், சினைப்பையாகவும் ஆகலாம். அந்த ஜீன் குரல் கொடுத்தால் விரை. இல்லையென்றால் சினைப்பை. விரை வந்துவிட்டால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும், அதிலிருந்து சுரக்கிற ஒன்று கர்ப்பப்பைக் குழாயைக் கரைத்துவிடும், இன்னொன்று மற்றதை வளர்த்துவிடும். "உங்களுக்குக் குரல் குடுத்துருச்சு கோவர்த்தனன். அதனால நீங்க ஆம்பளைதான், அதுல சந்தேகமே வேண்டாம்." அப்ப பிள்ளை, மேடம்? "விந்தணு உண்டாகறதுக்கான ஜீன்கள் ஒய்யோட இன்னொரு பக்கத்துல இருக்கு. அது உங்களுக்கு வரல." மருந்து? தலையை ஆட்டினார். வரல. துண்டு மட்டும் தாவி ஏறிவிட்டது, மற்றதெல்லாம் கீழேயே நின்றுவிட்டது. எனக்கு அந்த ஆறு வாரம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அம்மாவின் வயிற்றில் ஓர் இருட்டில் நான் ஒன்றுமாக இல்லாமல் இருந்திருக்கிறேன், இரண்டுக்கும் தயாராக, யாருக்கும் தெரியாமல், அம்மாவுக்கே நாள் தள்ளிப்போனது அப்போதுதான் தெரிந்திருக்கும், அவள் பாட்டுக்குக் குழாயடியில் குடத்தோடு நின்றிருப்பாள். கரைந்துபோன அந்தக் குழாயை நான் ஏன் நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும்? அது என்னுடையதா? சில வாரம் என்னுடையதாகத்தானே இருந்தது. லாரியைத் தள்ளி ஓரங்கட்டிவிட்டார்கள், போலாம் ரைட்.

அம்மா. அவளுக்கு என் முன்னால் இரண்டு பெண்கள், என் அக்காக்கள். அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார், பேச்சு குறைவு, யார் என்ன சொன்னாலும் சரிம்பார். இரண்டாவதும் பெண்ணாகப் போனதும் அப்பாவைப் பெற்றவர்கள் லால்குடிப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டார்கள், அப்பா அதற்கும் சரி என்றுதான் சொன்னாராம், வயிற்றில் நான் இருந்ததால் இதையும் பார்த்துவிடுவோம் என்று நிறுத்தி வைத்தார்களாம். நான் பிறந்து, மருத்துவச்சி தூக்கிக் காட்டி, பையன் என்று சொன்னதும் அம்மா அழுத அழுகையை அக்காக்கள் இன்னும் சொல்லுவார்கள். நீ பொறந்த அன்னிக்குத்தான்டா நான் பொழச்சேன் என்று அம்மா என்னைக் குளிப்பாட்டும்போதெல்லாம் சொல்லுவாள், தலையைத் துவட்டும்போது சொல்லுவாள், பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுவிட்டு வந்தால் அடிக்க ஓங்கிய கையை அதைச் சொல்லித்தான் இறக்குவாள். அந்தத் துண்டு இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்திருந்தால் அந்த எக்ஸ் மூன்றாவது பெண்ணாக வந்திருக்கும். லால்குடிக்காரி வீட்டுக்கு வந்திருப்பாள். அம்மா இரண்டு, இல்லை, மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு எந்த பஸ்ஸில் ஏறியிருப்பாள்? ஒரு தவறு அவளைக் காப்பாற்றிவிட்டது. அதே தவறுதான் இப்போது பிரபாவைக் கையில் பையோடு பாலக்கரையில் நிற்க வைத்திருக்கிறது. காப்பாற்றப்பட்டவளே போய் முசிறியில் பூ வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு எப்படி முடிந்தது? முடியும், பயந்தவர்களுக்கு எல்லாம் முடியும். அந்த வீட்டில் மகன் என்ற ஒன்றைக் காட்டித்தான் அவள் நின்றாள், அவளுக்கு நிற்க வேறு தரை தெரியாது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பாதி இறங்கி அதற்கு மேல் ஏறினார்கள். ஒரு பெரியவர் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார், பூக்கூடையோடு நின்ற ஒரு அம்மா, "கண்டக்டரே, என்னன்னு கேக்க மாட்டீங்களா? இது லேடீஸ் சீட்டு" என்று சத்தம் போட்டது. பெரியவர் காது கேட்காதவர் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஐயா, லேடீஸ் சீட்டுங்க, எந்திரிச்சு இப்படி வாங்க. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்ன பார்க்கிறார்? மீசையைப் பார்க்கிறாரா? என் மீசை எப்போதுமே எள் சிதறின மாதிரிதான், தாடி கிடையாது, கூடப் படித்தவர்கள் வாரத்துக்கொரு தரம் சலூனில் உட்கார்ந்தபோது நான் விழாவுக்கு விழாதான் போவேன். ஒன்பதாம் வகுப்பில் மார்பு வீங்கியது. வலித்தது. வெயில் காலத்தில்கூட இரண்டு பனியன் போட்டுக்கொண்டு போவேன், கபடிக்குச் சட்டையைக் கழற்றச் சொன்னால் வயிற்றுவலி என்று சொல்லி மரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன், மற்றவர்கள் புழுதியில் கட்டிப் புரளுவதைப் பார்த்துக்கொண்டு. எனக்கும் அதில் போய் விழ வேண்டும் போல இருக்கும். யாரும் தொடாத ஒரு வருஷம் அது. அப்பாதான் ஒரு நாள் கண்டுபிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார், அவர் அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார், வயசுக் கோளாறுப்பா, சில பசங்களுக்கு வரும், போயிடும். போய்விட்டது. வெளியே வந்ததும் அப்பா ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார், ஒன்றும் பேசவில்லை, அவர் கை என் முதுகில் இருந்தது. அவருக்கும் தெரியாது, அந்த டாக்டருக்கும் தெரியாது, அந்தக் கை எனக்குக் கொடுத்தது எது, கொடுக்காமல் விட்டது எது என்று. அப்பா போய்ச் சேர்ந்து ஆறேழு வருஷமாகிறது, யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் சரி என்றுதான் சொல்லுவார். பெரியவர் எழுந்துகொண்டார், பூக்கூடை உட்கார்ந்தது. அதே நிறுத்தத்தில் ஒரு திருநங்கை ஏறினாள், எப்போதும் இந்த வண்டியில் வருகிறவள், "நல்லாருக்கீங்களா சார்" என்றாள். அவளுக்குச் சீட்டைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்த்தேன். ஊரே இல்லை என்று சொன்னபோதும் அவளுக்குத் தான் யார் என்று தெரிந்திருக்கிறது. எனக்கு ஊரே ஆமாம் என்கிறது, என் உடம்பு ஆமாம் என்கிறது, நானும் ஆமாம் என்றுதான் இருந்தேன், இப்போதும் அப்படித்தான் இருக்கிறேன், ரத்தம் மட்டும் தனியாக வேறொன்றைச் சொல்லிக்கொண்டு உள்ளே ஓடுகிறது. அதோடு நான் தனியாக இருக்க வேண்டும். இனிமேல் எப்போதும்.

மெயின்கார்டு கேட் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பாலக்கரை. சொல்லாமல் விட்டால் என்ன? டாக்டரம்மா வாயைத் திறக்க மாட்டார். பிரபா ஊருக்குப் போய்விடுவாள், முசிறிப் பெண் வருவாள், அவளும் வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவாள், அவளையும் அந்த மேசையில் படுக்க வைப்பார்கள். பிரபாவை ஒரு தரம் குழாய் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். கதவுக்கு வெளியே நானும் அம்மாவும் நின்றோம். உள்ளேயிருந்து ஒரு கத்தல் கேட்டது, நாய்க்குட்டி மிதிபட்ட மாதிரி, நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடைப்பு ஒன்றும் இல்லை என்றார்கள். அப்படியானால் வேறு ஏதோ என்றார்கள். ஊசி போட்டார்கள். அவள் உடம்பு ஊதி, முகம் ஊதி, தூக்கத்தில் அழுதாள். யாரும் என்னைப் பரிசோதனைக்கு வா என்று கேட்கவேயில்லை, இந்த டாக்டரம்மாதான் முதலில் கேட்டார். இப்போது சொன்னால் என்ன ஆகும்? அவள் என்னை எப்படிப் பார்ப்பாள்? பக்கத்தில் படுப்பாளா? சிரிப்பாளா? ஐயோ, சிரித்துவிட்டால்? சில்லறை இல்லைய்யா, இறங்கறப்ப வாங்கிக்குங்க. கருமை படிந்த இந்த ரயில் பாலத்தின் அடியில் போகும்போது எப்போதும் ஒரு கணம் வண்டிக்குள் இருட்டும், இன்றைக்கும் இருட்டியது, வெளிச்சம் வந்தபோது நிறுத்தத்தில் அவள் நின்றிருந்தாள், நீலப் புடவை, ஒரு தோல் பை, ஒரு கட்டைப்பை.

ஏறி, பின்பக்கப் படிக்குப் பக்கத்தில் கடைசிப் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு கையை நீட்டினாள், எல்லோரையும் போல. நான் சீட்டைக் கிழித்தேன். "சென்ட்ரல் ஒண்ணு" என்றாள், என்னைப் பார்க்காமல். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"பிரபா, ரிசல்ட் வந்துருச்சு. கொறை உன்கிட்ட இல்ல."

"என்ன? சத்தத்துல கேக்கல."

"உனக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்."

அந்தப் பூக்கூடை அம்மா திரும்பிப் பார்த்தது. பிரபா என் சட்டையின் இரண்டாவது பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட் போஸ்ட் ஆபீஸில் ஆள் இறங்கியது, ஏறியது, நான் முன்னால் போய்ச் சீட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன், அவள் பார்வை அந்தப் பொத்தான் இருந்த இடத்திலேயே இருந்தது. சென்ட்ரலில் எல்லோரும் இறங்கினார்கள். சவரிமுத்து அண்ணன் டீ குடிக்கப் போனார். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில், டீசல் வாடையில், நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எக்ஸ், ஒய், தாவிய துண்டு, ஆறு வாரம், கரைந்த குழாய், மருந்து கிடையாது. டாக்டரம்மா மாதிரியே விரல் நுனிகளை ஒட்டிக் காட்டினேன்.

"அப்ப உங்களுக்கும் என்னை மாதிரியேவா உள்ள?" என்றாள்.

"ரத்தத்துல அப்படித்தானாம்."

அவள் சிரிக்கவில்லை. என்னை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. பிறகு முகம் சிவந்துகொண்டே வந்தது. "அந்த மேசையில நான் கத்தினப்ப வெளிய உங்கம்மா சொன்னது உள்ள கேட்டுச்சு, தெரியுமா? இதுக்கே இந்தக் கத்து கத்தறவ பிள்ளையை எப்படிப் பெறுவான்னாங்க. நீங்க பக்கத்துல நின்னீங்க. நீங்க ஏதாவது சொல்லுவீங்கன்னு வலியிலயும் காதைத் தீட்டிக்கிட்டுக் கெடந்தேன்." நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பயந்துட்டீங்களா?" என்று கேட்டாள், வேறு குரலில். ஆமாம் என்றேன். "காலைலேருந்து யாருகிட்டயும் சொல்லலையா?" இல்லை. "ஒரு ஈ காக்காகிட்டக்கூட இல்லையா?" இல்லை பிரபா. அவள் கை உயர்ந்து என் தோள் வரை வந்தது, வந்து, தோளில் கிடந்த என் சில்லறைத் தோல்பையின் வாரைச் சரி பண்ணிவிட்டு இறங்கிவிட்டது.

"வீட்டுக்குப் போலாம் வா."

"இல்லங்க. இப்ப திரும்பி வந்தா உங்க மேல எரக்கப்பட்டு வந்தவளா இருப்பேன். இல்லாட்டி ஜெயிச்சவளா வருவேன். ரெண்டும் எனக்கு வேண்டாம். அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்." அவள் நடந்தாள். விராலிமலை வண்டி உறுமிக்கொண்டிருந்தது, அதன் கண்டக்டர் அவள் பையை வாங்கி மேலே வைத்தான், எனக்குத் தெரிந்தவன்தான், என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். யோசித்தால் முடியாது என்று தெரிந்தது. "என்னடா, அவ ஏறிட்டாளா?" என்றாள். பின்னால் டிவி சத்தம். அம்மா, கொறை எனக்கும்மா, பிரபாவுக்கு ஒண்ணும் இல்ல. "எவன் சொன்னான்?" டாக்டர். "அவன் கெடக்கான், வேற டாக்டரைப் பாப்போம்." வேற டாக்டர் பாத்தாலும் அதேதாம்மா, இது பொறக்கறதுக்கு முந்தியே அப்படி ஆனது, யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. டிவி சத்தம் நின்றது. அணைத்துவிட்டாள். வீட்டுச் சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது, அல்லது கேட்ட மாதிரி இருந்தது. "என் வயித்துல வெச்சேவாடா?" என்றாள். ஆமாம்மா, ஆனா உன்னால இல்ல. அப்பாவால் என்று சொல்லவில்லை, அதையும் சொல்லி என்ன? "முசிறிக்காரங்களுக்கு என்னன்னு சொல்றது?" எனக்குக் கொறைன்னு சொல்லிரு. "வாயைக் கழுவு. யாருகிட்டயும் மூச்சு விடாத." பிரபாகிட்ட சொல்லிட்டேன்.

பிறகு அம்மாவின் குரல், எனக்குப் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரல்.

"அவ ஏறினது எந்த வண்டிடா? எடுத்துட்டானா?"

திரும்பிப் பார்த்தேன். விராலிமலை வண்டி நின்ற இடத்தில் ஆரஞ்சுத் தோல்களும் ஈரமும் கிடந்தன. அது வாசலைத் தாண்டி வளைந்து ரோட்டில் கலந்துகொண்டிருந்தது.

"எடுத்துட்டான்மா."

சவரிமுத்து அண்ணன் ஏறி உட்கார்ந்து ஹார்ன் அடித்தார். என் வண்டிக்குள் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்மா போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.